பத்தடிக்கு ஒரு அங்குலம்

மகளே,

ஞாயித்துக்கிழமை நீ அம்மாகிட்ட போன்ல பேசினப்ப நான் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். அம்மா போன ஸ்பீக்கர்ல போட்டிருந்தது உனக்குத் தெரியாது. ஜோர்தானுக்கு டிக்கட் வந்துருச்சு, வர்ற வியாழக்கிழமை பிளைட்டு, தையல் பெக்டரியில மூணு வருசத்துக்கு கையெழுத்து வச்சாச்சுன்னு எல்லாம் சொல்லிட்டு கடைசியில ஒண்ணு சொன்ன. "நான் விவசாயம் படிச்சது முட்டாத்தனம்மா. நான் அளந்தா மலை கூட சரிஞ்சிரும்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்ன. ஆனா அந்தச் சிரிப்பு என்ன சிரிப்புன்னு பெத்தவனுக்குத் தெரியாதா? அம்மா என்னையே பாத்துச்சு. நான் தட்ட வச்சுட்டு எந்திரிச்சு தண்ணி புடிக்கிற பீலிப்பக்கம் போயிட்டேன்.

இத போன்ல சொல்லலாம்தான். சொல்ல ஆரம்பிச்சா பாதியில எனக்கே கோவம் வந்து கத்திருவேன், நீயும் "சரிப்பா, வைக்கிறேன்"னு வச்சிருவ. அவிசாவளையில அந்த போர்டிங்ல ஒரே ரூம்ல எட்டுப் புள்ளைங்க இருக்கீங்க, எல்லாத்துக்கும் கேக்கும். அதனாலதான் எழுதுறேன். எட்டாம் வகுப்போட நின்னவன் எழுத்து, அப்படி இப்படித்தான் இருக்கும். பொறுமையா படி. உங்கிட்ட நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன். அத எடுத்துப் போடாம உன்ன பிளைட்டு ஏத்தினா நான் மனுசனே இல்ல.

உன் அப்பன் யாருன்னு உனக்கு நான் சொல்லணுமா? இருந்தாலும் சொல்றேன், இல்லாட்டி மத்தது புரியாது. முப்பத்தோரு வருசமா இந்தத் தோட்டத்துல நான் கான்வெட்டி. மலையில மழைத்தண்ணி தேங்காம, தேயிலத் தூர அரிக்காம, நாங்க வெட்டுற வாய்க்கா வழியா மெதுவா ஒரு பக்கமா ஓடி பெரிய கான்ல போய் விழணும். அதுக்கு ஒரு கணக்குத்தான், பத்தடிக்கு ஒரு அங்குலம் சரிவு. அதுக்கு மேல போனா மண்ணு அரிக்கும், கொறஞ்சா தண்ணி நிக்கும். எனக்கு நூலும் வேணாம், மட்டமும் வேணாம். மம்பட்டிய தோள்ல போட்டுக்கிட்டு ஒரு பார்வை பாத்தா போதும், கோடு கண்ணுல விழுந்துரும். முந்தி இருந்த பெரிய தொரை வெளியாளுங்க வந்தா என் மலைக்குத்தான் கூட்டிக்கிட்டு வருவாரு. "இவன் கண்ணுலயே மட்டம் இருக்கு"ன்னு அவரு ஒரு தடவ சொன்னத நான் உங்க எல்லாத்துக்கும் ஆயிரம் தடவ சொல்லியிருப்பேன். அந்தப் பெருமைதான் உன்ன கெடுத்துச்சு.

நான் தப்புப் பண்றது உனக்குப் புதுசும் இல்ல. உனக்கு ஒம்பது பத்து வயசு இருக்கும், வரிசை வீட்டு லயத்துல நம்ம காம்பராக் கூரை ஒழுகுச்சே, ஞாபகம் இருக்கா? அடுப்புக்கு மேல சொட்டுச் சொட்டா வரும். "அப்பா, தண்ணி நம்ம தகரத்துல இல்ல, பக்கத்து வீட்டுத் தகரத்துல நொழஞ்சு மரத்து வழியா வருது"ன்னு நீ சொன்ன. சின்னக் கழுத, எனக்குத் தண்ணி போற வழி சொல்லிக் குடுக்குதான்னு நான் ரெண்டு வருசம் நம்ம தகரத்தையே தார் பூசிக்கிட்டு இருந்தேன். கடைசியில பக்கத்து வீட்டுக்காரன் தகரம் மாத்தினான், நம்ம ஒழுக்கு நின்னுச்சு. அன்னிக்கு நீ "சொன்னேன்ல"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குப் புத்தி வந்திருக்கும். நானாவது ஒத்துக்கிட்டிருக்கணும். ஒத்துக்கிறது எங்க பரம்பரையிலயே கெடையாது.

சரி, மேட்டுக் காணிக்கு வர்றேன். பழைய ரப்பர் மலைய தோட்டம் கைவிட்டு எத்தன வருசமாச்சு. மரத்த வெட்டிட்டாங்க, மானாப்புல்லு மூடிருச்சு, வருசா வருசம் எவனாவது நெருப்பு வைப்பான். ஆளுக்கு அர ஏக்கரு எதையாவது போட்டுப் பொழச்சுக்கங்கன்னு ஆபீஸ்ல விட்டாங்க. யாருக்கும் பெருசா ஒண்ணும் வரல. நம்ம ஊருக்கு மழைக்கா பஞ்சம்? குட புடிச்சே கை ஓஞ்சு போற ஊரு. ஆனா அந்த மேட்டுல விழுற மழை ஒரு சொட்டு நிக்காது. செம்மண்ணையும் அள்ளிக்கிட்டு அப்படியே ஆத்துக்கு ஓடிரும். வைகாசியில வெள்ளம், மாசியில பீலியில நூல் மாதிரி தண்ணி. தெரணியகலையில இருந்து வர்ற தண்ணிப் பவுசர் லாரிக்கு குடத்த வச்சுக்கிட்டு வரிசையில நிப்போம். மழை பெய்யிற நாட்டுல தண்ணிக்கு வரிசை. அத நாங்க தலையெழுத்துன்னு நெனச்சோம். நீ மட்டும்தான் அதுக்கு வழி இருக்குன்னு நெனச்ச.

விவசாயப் பள்ளியில ரெண்டு வருசம் சிங்களத்துல படிச்சுட்டு நீ வந்தப்ப கையில நாலு கொப்பியோட வந்த. 'சமோச்ச கானு'ன்னு ஒண்ணச் சொன்ன. கான்னு கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எனக்கே கானான்னு கேட்டேன். நீ கோவப்படல. உக்காந்து சொன்ன. "இது தண்ணிய ஓட விடுற கான் இல்லப்பா. தண்ணிய நிக்க வைக்கிற கான்." மலைக்குக் குறுக்கால, ஒரு நூல் கூட எறங்காம ஏறாம, ஒரே மட்டமா வெட்டணும், வெட்டின மண்ண கீழ்ப்பக்கம் கரையா போடணும், தண்ணி அதுல நின்னு நெதானமா மண்ணுக்குள்ள எறங்கும், கரையில மரம் வச்சா வேர் புடிச்சுக்கும், ரெண்டு மூணு வருசத்துல மேடு திரும்ப உயிர் புடிக்கும், கீழ நம்ம பீலிக்கும் ஊத்து வரும்னு சொன்ன. செங்குத்தான எடத்துல வெட்டக் கூடாது, அங்க தண்ணி நின்னா மலையே சரியும், மெல்லிசா சரியிற எடமா பாத்துத்தான் வெட்டணும்னும் சொன்ன. அதுக்கு ஏத்த எடத்த நீயே நடந்து பாத்துத்தான் எடுத்த. அந்த அறிவெல்லாம் உங்கிட்ட இருந்துச்சு. நான் உம் உம்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன், ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டேன்.

மூணு கம்ப கட்டி, நடுவுல ஒரு நூல்ல கல்லத் தொங்கவிட்டு நீ ஒரு கோல் செஞ்ச. நூல் நடுக் கோட்டுல நின்னா ரெண்டு காலும் ஒரே மட்டம். அத வச்சு வச்சு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு முளை அடிச்சு, மூணு நாளு மேட்டுல நின்ன. மூணு கோடு. மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு. அப்பத்தான் லயத்து ஆளுங்களுக்கு வாய் அரிச்சது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ஒருத்தன் சொன்னான், "கான்வெட்டிக்கு மக வந்து கோல் வச்சு கான் காட்டுறாளாம்". எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு வந்தேனே தவிர, உள்ளுக்குள்ள முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்துச்சு. அத உங்கிட்ட காட்டிக்கல.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். ஆவணி மாசம், மரக்கன்னு வாங்க நீ தெரணியகலைக்குப் போன. பலாக்கன்னு, பாக்குக்கன்னு, வேலிக்கு சீமக்கிளுவை எல்லாம் சொல்லி வச்சிருந்த. வர நாலு நாளாகும், கூட்டாளிப் புள்ள வீட்டுல தங்கிட்டு வர்றேன், முளை அடிச்ச கோட்டுலயே வெட்டுங்கப்பான்னு சொல்லிட்டுப் போன. நான் மம்பட்டியோட ஏறினேன். கீழ்க்கோட்டப் பாத்தேன். மட்டமா இருந்துச்சு. என் கண்ணுக்கு அது தப்பா தெரிஞ்சுச்சு மகளே. தண்ணி நிக்கிற கான வெட்டினா கங்காணி மூஞ்சியில துப்புவாரு, அன்னிக்குச் சம்பளத்துக்குப் பேரு போட மாட்டாரு. அப்படித்தான் பதினேழு வயசுல நான் தொழில் கத்துக்கிட்டேன். தண்ணி நின்னா கரை ஒடையும், ஒடைஞ்சா மலை போகும், அதுதான் எங்க தலையில ஏத்தின பாடம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னான். நீ சின்னப் புள்ள, கொப்பியில எழுதினத வச்சு கோடு போட்டிருக்க, நான் அனுபவஸ்தன், சத்தமில்லாம திருத்தி விடுவோம்னு நெனச்சேன். கிழக்குப் பக்கம் பாறைய நோக்கி ஒவ்வொரு முளையா புடுங்கி, கொஞ்சம் கொஞ்சமா எறக்கி அடிச்சேன். பத்தடிக்கு ஒரு அங்குலம். கீழ்க்கோட்டுல அடிச்சேன், நடுக்கோட்டுலயும் அடிச்சேன். அடிச்ச கையோட அந்த ரெண்டையும் வெட்டியும் முடிச்சேன். மேல்க்கோட்டுக்குப் போறதுக்குள்ள நீ சொன்னதுக்கு ஒரு நாளு முந்தியே வந்துட்ட. அதனால மேல்க்கோட்ட மட்டும் நீ நிக்க, நீ அடிச்ச முளையிலயே வெட்டினேன்.

நீ வந்ததும் என்ன கேட்டன்னு நெனச்சுப் பாரு. வெட்டின ரெண்டையும் ஒரு தடவ கோல் வச்சுப் பாத்துக்கலாமான்னு கேட்ட. அது படிச்சவ கேக்குற கேள்வி. அன்னிக்கு நீ பாத்திருந்தா எல்லாம் அங்கயே சரியாயிருக்கும். நான் கோவத்துல குதிச்சேன். "முப்பது வருசம் வெட்டினவன் வேலைய கோல் வச்சுப் பாக்கப் போறியா? பாரு, நல்லா பாரு, ஊர் பாக்க பாரு"ன்னு கத்தினேன். பக்கத்துக் காணியில மாரியாயி அக்கா இஞ்சிக்கு மண்ணு அணைச்சுக்கிட்டு நின்னுச்சு, நிமிந்து பாத்துச்சு. நீ கோல பாறையில சாத்திட்டு கன்னு நட ஆரம்பிச்ச. பத்தடிக்கு ஒரு அங்குலம் சும்மா பாத்தா யார் கண்ணுக்கும் தெரியாது. வெட்டினவனுக்கு மட்டும்தான் தெரியும். நான் கோவப்பட்டது நீ கண்டுபுடிச்சிருவன்னு பயந்துதான்.

ஐப்பசியில இடியோட மழை வந்துச்சே, அந்த மூணாவது நாளு சாயந்தரம். மேல மின்ன மின்ன நாம ரெண்டு பேரும் வாசல்ல நின்னு மேட்டையே பாத்துக்கிட்டு இருந்தோம். நடுக்கான்ல வந்த தண்ணி நிக்கல, நான் காட்டிக் குடுத்த பாதையில கிழக்கால ஓடுச்சு. தோட்டத்துல அப்படி ஓடினா கல்லு கட்டின பெரிய கான்ல விழும். இங்க என்ன இருக்கு? புதுசா போட்ட பச்ச மண்ணு. மொத்தத் தண்ணியும் அந்த ஒரு மூலையில குமிஞ்சு, கரைய ஒடச்சு, கீழ்க்கான்ல விழுந்து, அதையும் ஒடச்சுக்கிட்டு எறங்குச்சு. மாரியாயி அக்காவோட இஞ்சிப் பாத்தி போச்சு. புருசன் போனதுக்கப்புறம் அந்தப் பொம்பள அந்த இஞ்சிய நம்பித்தான் இருந்துச்சு. நீ வச்ச கன்னுங்க போச்சு. சேறு வந்து லயத்துத் தண்ணித் தொட்டிய அடச்சு, ஒரு கிழமைக்கு எல்லாரும் சேத்துத் தண்ணிய வடிகட்டிக் குடிச்சாங்க. ஆளு யாருக்கும் ஒண்ணும் ஆகல, அது ஒண்ணுதான் ஆண்டவன் செஞ்சது.

மறுநாளு கோயில் முன்னால கூட்டம் போட்டாங்க. அரநாயக்கயில மலை சரிஞ்சு வந்தத கண்ணால பாத்த சனம் நம்ம லயத்துலயும் இருக்கு, அவங்க பயம் சும்மா பயம் இல்ல. பொட்டப்புள்ள பேச்சக் கேட்டு மலைய நோண்டினா இப்படித்தான்னு ஒருத்தன் சொன்னான். நீ நடுவுல நின்ன. தலைய குனியாமத்தான் நின்ன. நான் தூணுல சாஞ்சுக்கிட்டு நின்னேன். ஆபீஸ்ல இருந்து ஐயா வந்து, இனிமே அந்த மேட்டுல யாரும் மம்பட்டி போடக் கூடாது, காணி பூரா தோட்டம் திருப்பி எடுக்குதுன்னு சொல்லிட்டாரு. நம்மளது மட்டும் இல்ல, பதினோரு குடும்பத்தோடது. வீட்டுக்கு வர்ற வழியில நீ கேட்ட, "அப்பா, என் கோல்ல பெசகு இருந்திருக்குமா?" நான் சொன்னேன், "இருந்திருக்கும்மா." மேல போய் அளந்து பாத்துட்டு வரவான்னு கேட்ட. மண்ணு வழுக்கும், போகாதன்னு சொன்னேன். அந்த ரெண்டு வார்த்ததான் நான் சொன்ன பொய். அடுத்த மாசமே அவிசாவளைக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போயிட்ட.

அப்ப கூட நான் என்ன சமாதானம் பண்ணிக்கிட்டேன் தெரியுமா? மட்டமா வெட்டியிருந்தாலும் ஒடஞ்சுதான் இருக்கும், இதெல்லாம் நம்ம மலைக்கு ஒத்துவராதுன்னு. போன வருசம் மாசி மாசம் வெறகுக்குப் போன சாக்குல ஆபீஸ்ல அடிச்சிருந்த கம்பி வேலிய நொழஞ்சு மேல ஏறினேன். மேடு பூரா காஞ்சு சருகா கெடந்துச்சு. மேல்க்கானுக்குக் கீழ மட்டும் பச்சையா ஒரு பட்டை. ஒடையல. ஒரு எடத்துல கூட ஒடையல. அலவாங்குக் கடப்பாரைய எறக்கிப் பாத்தேன், ஒரு முழ ஆழத்துல மண்ணு ஈரமா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. மாசி மாசத்துல! நீ வச்ச பலாக்கன்னு ஒண்ணு இடுப்பு ஒசரத்துக்கு நின்னுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை ரப்பர் குழாயில தண்ணி ஊத்திக்கிட்டுப் போய், ரெண்டு முனையிலயும் தண்ணி நிக்கிற மட்டத்த வச்சு மூணு கானையும் அளந்தேன். உன் கான்ல ஒரு முனையில இருந்து மறு முனைக்கு ஒரு நூல் பெசகு கெடையாது. மத்த ரெண்டுலயும் மிச்சம் இருந்த எடத்துல பத்தடிக்கு ஒரு அங்குலம், அச்சு மாதிரி இருந்துச்சு. அங்கயே உக்காந்து அழுதேன். ஒரு வருசமா இத உங்கிட்ட சொல்லாம வச்சிருக்கேன்.

ஏன் சொல்லலன்னா, என்ன சொல்ல? நீ சம்பளம் அனுப்ப ஆரம்பிச்சிருந்த, மெசின் வேலை பழகிட்டேன்னு சொன்ன, அத ஏன் கலைக்கணும்னு ஒரு பக்கம். வெக்கம் ஒரு பக்கம். உண்மைய சொல்றேன், வெக்கம்தான் பெரிய பக்கம். அப்புறமா ஒரு நாளு துணிஞ்சு ஆபீசுக்குப் போனேன். ஐயாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், தப்பு என்னோடது, மக அளந்த கான் நிக்குது, வந்து பாருங்கன்னு. அவரு நல்ல மனுசன்தான், தேத்தண்ணி குடுத்தாரு. அது முடிஞ்ச விசயம், மேடு வேற யாருக்கோ குத்தகைக்குப் பேசியாச்சுன்னாரு. நான் ஆபீஸ் படி ஏறின நேரம் தும்ப விட்டுட்டு வாலப் புடிச்ச கதைதான். போன கிழமை மண்ணு வழிக்கிற மெசின் வந்துச்சு. மேட்ட மேல இருந்து கீழ வரைக்கும் வழிச்சுத் தள்ளிட்டான். உன் கானும் போச்சு, பலாவும் போச்சு. இப்ப போய் பாத்தாலும் அங்க ஒண்ணும் இல்ல. இந்த மாசியில பீலி போன வருசத்த விட சீக்கிரமா நின்னு போச்சு.

ஞாயித்துக்கிழமை நீ போன வச்சதும் மாரியாயி அக்கா வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னு சொன்னேன். அது கத்தும், ஏசும்னு நெனச்சேன். கையில இருந்த சொளக கீழ வச்சுச்சு. அப்புறம், "அந்தப் புள்ளய நான் என் வாயால சபிச்சுட்டேனே"ன்னு அழுதுச்சு. மத்த வீடுங்களுக்கும் போய்ச் சொன்னேன். பாதிப் பேருக்கு அது மறந்தே போச்சு, பாதிப் பேரு மகள காப்பாத்த அப்பன் கத கட்டுறான்னு நெனக்கிறாங்க. அம்மாவுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்திருக்கு. நானே உனக்குச் சொல்லிரவான்னு கேட்டுச்சு, அப்புறம் அதுவே, வேணாம், நான் சொன்னா புள்ள நம்பாது, நீங்களே எழுதுங்கன்னு கொப்பித்தாள கிழிச்சுக் குடுத்துச்சு.

திரும்பி வான்னு நான் கூப்புட மாட்டேன். வந்து நிக்கிறதுக்கு ஒரு முழ மண்ணு இல்ல. கையெழுத்து வச்சத மாத்த முடியாதுன்னு ஏஜென்சியில சொல்லியிருக்காங்க, மாத்தினாலும் இங்க வந்து என்ன செய்வ? ஒரு நாளு எல்லாம் சரியாகும்னு கடுதாசியில எழுதுறது வழக்கம். எனக்கு அப்படித் தோணல, தோணாதத உனக்கு இன்னொரு தடவ சொல்ல மாட்டேன். போற எடத்துல நேரத்துக்குத் தின்னு. பாஸ்போட்ட யாரு கேட்டாலும் முதல்ல ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பு. லைன்ல உனக்கு மேல இருக்கவங்க எத்தன வருசம் தச்சவங்களா இருந்தாலும், அளவு தப்புன்னு உனக்குப் பட்டா நாடாவ எடுத்து அளந்து பாரு. அவங்க கத்தினாலும் அளந்து பாரு. எவன் கத்துறானோ அவன் வேலையத்தான் முதல்ல அளக்கணும்.

உனக்குக் கோவம் வரும். வரட்டும். பிளைட்டுல உக்காந்து அழுவியோ, எனக்கு போன் எடுக்க மாட்டியோ, மூணு வருசமும் பேசாமயே இருப்பியோ, எப்படியோ இரு. எல்லாத்தையும் என் மேல போடு, நான் தாங்கிக்குவேன், அது எனக்குச் சேர வேண்டியது. அங்க எவளாவது உன்ன என்ன படிச்சிருக்கன்னு கேட்டா மட்டும் சிரிச்சுக்கிட்டு தட்டிக் கழிக்காத. விவசாயம் படிச்சிருக்கேன், மலையில தண்ணிய நிக்க வச்சேன், நின்னுச்சுன்னு சொல்லு.

அப்பா